பனிக்குப் புள்ளி இல்லை

ஏழாம் வினா. ஹத்தின், ஆயிரத்து நூற்று எண்பத்தேழு.
சிலுவைப் படை தோற்றதற்கான காரணங்களை விளக்குக.
பன்னிரண்டு புள்ளி.

புளியந்தீவில், மின்விசிறி நின்றுபோன வகுப்பறையில்
நானும் ஜெஸீமாவும் ஒரே மேசை.
யன்னலுக்கு வெளியே வாவி,
ஒரு மிடறும் குடிக்க ஆகாத அத்தனை தண்ணீர்.

பிள்ளைகள் எல்லோருக்கும் தாகம் தெரிந்திருக்கிறது.
ஊற்றை விட்டுப் புறப்பட்டதே பிழை என்கிறாள் ஒருத்தி.
காய்ந்த புல்லுக்கு நெருப்பு வைத்தார்கள்,
புகை கிறிஸ்தவர் பக்கம் அடித்தது,
கச்சானாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறான் ஒருவன்,
வாகரைப் பக்கத்துப் பையனாக்கும்.
இரட்டைக் கொம்புக் குன்றில் ஏறி நின்றவர்களுக்கு
ஏரி தெரிந்தது.
தெரிந்ததோடு சரி.

ஒரு விடைத்தாள் மட்டும்
போரை விட்டு இறங்கிப் போய்விட்டது.
"பிடிபட்ட அரசனுக்கு சுல்தான் பனி போட்ட சர்பத் கொடுத்தார்.
கொடுத்ததைக் குடித்தவனைக் கொல்லக்கூடாதாம்.
ஆனால் அந்த வெயிலில் பனி எங்கிருந்து வந்தது?
மலையிலிருந்து என்றால், எதில் ஏற்றி? உமிக்குள் வைத்தா?
எங்கள் ஊர் ஐஸ்காரர் உமிக்குள்தான் வைப்பார்."
இப்படியே அரைப் பக்கம்.

ஜெஸீமா சிரிக்கிறாள். உதடு வெடித்திருக்கிறது,
இருபத்தோராம் நோன்பு.
"இந்தப் புள்ளைக்கு ஒரு புள்ளி போடுவமே டீச்சர்."
புள்ளித்திட்டத்தில் பனி இல்லை என்றேன்.

என் போத்தல் மேசைக்குக் கீழே.
"குடிங்க, எனக்கு ஒண்டுமில்ல."
குடிக்கவில்லை. காலையிலேயே குடித்தாயிற்று.

காலையில், வாசலில்.
அந்த உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வந்த மேசை,
அதோடு வந்த காவலாளி.
என் பையை மேலால் பார்த்தார், செபமாலை கண்ணில் பட்டிருக்கும்.
அவளுடையதைக் கவிழ்த்தார்.
சிவப்புப் பேனைகள், தஸ்பீஹ், இரண்டு பேரீச்சம்பழம், ஒரு போத்தல்.
"என்ன இது?"
"தண்ணி. நோன்பு திறக்க."
"குடிச்சுக் காட்டுங்க."

வரிசை முழுக்கப் பார்த்தது.
சித்தாண்டி சேர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்,
நெடுநேரம்.
அவள் மூடியைத் திறந்தாள். திறந்து, பிடித்துக்கொண்டு நின்றாள்.
வாங்கி நான் குடித்தேன்.
கோபத்தில், தேவைக்கு மேல், அரைப் போத்தலுக்குக் கிட்ட.
எலுமிச்சை. ஒரு கல் உப்பு.
"சரி, போங்க" என்றார் காவலாளி,
என்னைப் பார்த்து.

அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.
நன்றி சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிராது.
அந்தக் கிழமை எங்கள் தெருவால் இரண்டு பெட்டி போனது.
ஒன்று சின்னது.
அவள் வந்திருந்தாள், மதிலோடு ஒட்டி நின்றாள்.
யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன்,
வெளியே வந்து கூப்பிடவில்லை.
அவளும் கண்டாள்.

ஆறு இருபதுக்குக் கடைசிக் கட்டும் முடிந்தது.
வாவிக்கு அப்பாலிருந்து பாங்கு.
பேரீச்சம்பழம் ஒன்றை என் பக்கம் தள்ளினாள்,
போத்தலில் நான் மிச்சம் விட்டதைக் குடித்தாள்,
வாயைத் துடைக்காமல்.

கட்டிய கட்டை அவிழ்த்தேன்.
அந்தத் தாளைத் தேட நேரமெடுத்தது.
பதினொன்றை வெட்டிப் பன்னிரண்டு போட்டு
ஓரத்தில் கையொப்பம் வைத்தேன்.
எதற்கு என்று பிரதம பரீட்சகர் கேட்பார்.
உமி என்று சொல்ல இருக்கிறேன்.