ஏற்கெனவே இருந்த ஆணி

பத்து மாத அட்வான்ஸை இரண்டு முறை எண்ணி
ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டே
ரெஜினாள் அக்கா சொன்னாள்:
"சொவருல ஆணி மட்டும் அடிக்கப்பிடாது, கேட்டியளா.
அவரு மஸ்கட்டுல கெடந்து கெட்டுன வீடாக்கும்."

குலசேகரம். சர்ச்சுக்குப் பின்னால் மாடிவீடு.
இரண்டு அறை, வெளிர்பச்சைச் சுவர்.
சாய்ந்து எழுந்தால் முதுகும் பச்சையாகும்.

கூடத்தில் ஒரே ஓர் ஆணி ஏற்கெனவே இருந்தது.
யார் அடித்ததென்று நாங்கள் கேட்கவில்லை,
கேட்டால் பிடுங்கிவிடுவாளோ என்று.

முதல் வாரம் அதில் கடிகாரம்.
அடுத்த வாரம் கடிகாரத்தின் மேலே காலண்டர்.
தேதி தெரிந்தது, மணி தெரியவில்லை.
செவ்வாய்க்கிழமைக்கு உள்ளேயிருந்து
டிக் டிக் என்று கேட்டுக்கொண்டிருந்தது.
பிறகு ஜெபினின் சட்டை, என் ஸ்கூல் பை,
அதற்கும் மேலே மழைக்கோட்டு.
ஆணி லேசாகத் தலை குனிந்தது.

மார்த்தாண்டத்தில் இருபக்க டேப் வாங்கினேன்.
"தடமே இருக்காது மேடம்" என்றான் கடைப்பையன்.
மூன்றாம் நாள் நள்ளிரவு
கல்யாணப்படம் முகங்குப்புற விழுந்தது.
கண்ணாடி உடையவில்லை, நாங்கள் சிரித்தபடிதான் இருந்தோம்.
டேப்பின் முதுகில் மட்டும் ஒரு கை பச்சை.
சுவரில், அண்டிப்பருப்பு அளவில்,
வெள்ளை.

ஐந்தாம் வகுப்பிலிருந்து பச்சை சாக்பீஸ் ஒன்று
எடுத்து வந்தேன் (திருட்டுதான்).
பொடித்து, பற்பசையில் குழைத்து,
மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசினேன்.
பகலில் தெரியாது.
டியூப் லைட் போட்டால் தெரியும்.
ஐந்தாம் தேதிகளில் நாங்கள் லைட் போடுவதில்லை.

அதற்குப் பின் சுவரிடம் எதுவும் கேட்கவில்லை.

ரப்பர் வெட்டும் ஷிபு ஒரு சிரட்டைப் பால் கொடுத்தான்.
தை மாதத்தில் சிவந்து விழுந்த இலைகளை
சன்னல் கண்ணாடியில் அதைத் தொட்டு ஒட்டினேன்.
வேண்டாமென்றால் நகத்தால் கீறினால் போதும்,
வெயிலில் உரிந்த தோல்போல் முழுதாக வந்துவிடும்.
நாற்றம் ஒரு வாரம் இருந்தது.
ஊரே அந்த நாற்றம்தான், ஒன்றும் தோன்றவில்லை.

ஜெபினின் அண்ணன் குளச்சலிலிருந்து
கிழிந்த நைலான் வலை கொண்டுவந்தான், நீல நிறம்.
இந்தச் சன்னல் கம்பியில் ஒரு முனை,
அந்தச் சன்னல் கம்பியில் மறு முனை.
நடுவில் எங்கள் படங்கள், கரண்ட் பில்,
மாமியார் தந்த ஜெபமாலை, என் வளையல்கள்
எல்லாம் சிக்கிக் கிடந்தன.
மூன்று தடவை துவைத்தும் சாளை மணம் போகவில்லை.
காற்று வந்தால் எல்லாப் படமும் நீந்தும்.

இந்த மாதம் அக்கா மூன்றாம் தேதியே வந்துவிட்டாள்.
மழை இருட்டு. லைட் எரிந்துகொண்டிருந்தது.
வாடகையை எண்ணவில்லை.
வலையை விலக்கி உள்ளே போனாள்,
அண்டிப்பருப்பை நகத்தால் சுரண்டி
மூக்கருகே கொண்டுபோனாள்.
"பேஸ்டா?"
நான் தரையைப் பார்த்தேன்.

அவள் ஆணியைப் பார்த்தாள்.
மழைக்கோட்டு, பை, சட்டை, காலண்டர் என்று
ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.
"இது நான் அடிச்சதாக்கும்.
பால்காய்ச்சு முடிஞ்சு எல்லாரும் போனாவ.
அவரு போனுல வீடு முழுக்க காட்டச் சொல்லி
பாத்துட்டு வச்சாரு.
அதுக்குப் பொறவு அடிச்சேன்."

எதை மாட்ட என்று கேட்டேன்.

"ஒண்ணும் மாட்ட இல்ல.
நானும் ஒண்ணு அடிக்கணும்னு தோணிச்சு."

வலைக்குள்ளிருந்து வெளியே வரும்போது
கொண்டையில் ஒரு கண்ணி மாட்டியது, எடுத்துவிட்டேன்.
படியில் இரண்டு இறங்கிவிட்டுத் திரும்பினாள்.
"அடுத்த மாசம் அவரு லீவுல வாறாரு.
கேட்டா, நீங்க அடிச்சதுன்னு சொல்லணும், கேட்டியளா."

எட்டு மணிக்கு ஜெபின் வந்தான். சொன்னேன்.
எங்களிடம் சுத்தியல் கிடையாது.
பொய்யாகிவிடக் கூடாதே என்று
சப்பாத்திக் குழவியை எடுத்து
ஆணியின் தலையில் அவன் ஒன்று தட்டினான்,
நான் ஒன்று.