வெள்ளையடித்த ஜாக்கி

வீட்டை வாங்கிய அன்றே
வட்டியும் குடிவந்துவிட்டது.
நாளொன்றுக்கு முப்பத்திரண்டு டாலர்.
ஞாயிறு காலை தேவாலயத்தில்
நான் முழங்காலிட்டிருக்கும்போதும்
அது வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

பஃபலோ நகரின் கிழக்குப் பக்கம்.
பன்னிரண்டு குளிர்காலம்
பனி தள்ளும் லாரி ஓட்டியவள் நான்.
சாலைக்கு அடியில் குழி இருந்தால்
ஸ்டியரிங் கையில் சொல்லிவிடும்.
வீடு சொல்லாது.
பெயின்ட் பூசிக்கொண்டு சிரிக்கும்.

நோட்டில் எழுதி வைத்திருந்தேன்:
கூரை ஒன்பதாயிரம்
சமையலறை பதினாலாயிரம்
எதிர்பாராதது இரண்டாயிரம்.
எமெட் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
கடைசி வரியை இரண்டு முறை படித்தான்.
"இது தொகையா, பிரார்த்தனையா ரெஜினா?"
மணிக்கு அறுபது டாலர் வாங்குகிற தச்சன்,
கிண்டலுக்குத் தனியாக வாங்குவதில்லை.

சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே
ஒரு சுவர்.
இப்போதெல்லாம் வாங்க வருகிறவர்களுக்குச்
சுவரே ஆகாது.
அனுமதிக்கு ஆறு வாரம் என்றார்கள் நகர மன்றத்தில்.
ஆறு வாரத்தை முப்பத்திரண்டால் பெருக்கிப் பார்த்தேன்.
பெருக்கிய கையாலேயே
சனிக்கிழமை சம்மட்டியை எடுத்தேன்.
எமெட் வரமாட்டேன் என்றுவிட்டான்.
பாதிச் சுவர்வரை வந்து,
தோள் விட்டுப்போய், நிறுத்தினேன்.

திங்கள் காலை
கதவில் ஆரஞ்சு நிறத் தாள்:
வேலையை நிறுத்துக.
எதிர்வீட்டு ஜன்னலில் திரைச்சீலை
அசைந்து அடங்கியது.
விதவை வாண்டா க்ரூப்பா.
அவள் வாசல் பனியை
எத்தனை முறை கூலியில்லாமல் தள்ளியிருப்பேன்!

சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
நானே இடித்த சுவர், செலவு பூஜ்யம்.
அதைத் தாளில் வரைந்து தர
பொறியாளருக்கு எண்ணூற்றைம்பது,
கேட்காமல் தொட்டதற்கு
இரண்டு மடங்கு கட்டணம்,
கூடவே ஒரு பழைய கோப்பு:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில்
யாரோ வாங்கிய அனுமதி,
கடைசிக் கையெழுத்து விழாமல்
இன்னும் திறந்தே கிடக்கிறதாம்.
செத்தவன் திறந்ததை
நான் மூட வேண்டுமாம்.

ஆய்வாளர் லமான்ட் டிக்சன்
மேலே எதையும் பார்க்கவில்லை.
நான் பெருமையாகத் துடைத்து வைத்திருந்த தரையை
பூட்ஸோடு கடந்து
நேரே நிலவறைக்கு இறங்கினார்.
வெகுநேரம் சத்தமே இல்லை.
பிறகு, "ஒரு நிமிஷம் வரமுடியுமா?"

உத்தரத்துக்கு அடியில்
தூண் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு கார் ஜாக்கி.
சுவரோடு சேர்த்து அதற்கும்
வெள்ளையடித்திருந்தார்கள்.
அதன் தலையில் ஒரு பலகைத் துண்டு,
பலகையின் மேல் சமையலறை,
அதற்கு மேல்
நான் அடித்துக்கொண்டிருந்த சுவர்,
அதற்கும் மேல், இரும்புக் குளியல் தொட்டி.
சனிக்கிழமை தோள் விட்டுப்போன இடத்தை
மனதுக்குள் அண்ணாந்து பார்த்தேன்.
மீதிப் பாதி.

டிக்சன் திட்டவில்லை.
ஜாக்கியின் பற்களை விரலால் தடவி
"ஸ்டுடிபேக்கர் காருடையது" என்றார்,
"என் அப்பாவிடம் இருந்தது."

இரும்புத் தூண், அடியில் கான்கிரீட்,
கூலி எல்லாம் சேர்த்து நாலாயிரத்து நூறு.
ஏழு வாரம். வட்டி தன் பாட்டுக்கு.
வாண்டாவின் வாசலில்
அந்த வாரம் பனி தள்ளாமல் இருந்தேன்.
அடுத்த வாரம் தள்ளினேன்.
காரணம் கேட்காதீர்கள்.

மே மாதம் வீடு விற்றது.
இளம் ஜோடி. அவள் கர்ப்பிணி.
அலமாரிக் கைப்பிடிகளைத் தடவித் தடவிப் பார்த்தார்கள்,
ஒன்று ஆறு டாலர்.
ஜன்னலைத் திறந்து மூடினார்கள்.
நிலவறைப் படியில் நின்று
விளக்கைப் போட்டு
"பெரிசா இருக்கே" என்று
விளக்கை அணைத்துவிட்டார்கள்.

எல்லாம் கழித்து
என் கையில் ஆயிரத்து நூற்று நாற்பது.
புதிய நோட்டில் முதல் வரியாக
எதிர்பாராதது என்று எழுதி
எதிரே தொகை போடாமல்
பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.
ஜாக்கி லாரியில் கிடக்கிறது.
வளைவுகளில் உருண்டு
எதையாவது இடிக்கிறது.