பணக்காரக் களை

நாளுக்கு எழுநூறு, ரெண்டு வேளை சோறு,
வெயிலில் நிற்கிற வேலை இல்லை என்றான் ஏஜென்ட் சடையன்.
சிவதாபுரத்தில் கொலுசுக்குப் பொடி வைத்து ஊதிக்கொண்டிருந்த
பதினோரு பேரை வேனில் ஏற்றி
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் மேலே
ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் பங்களாவில் இறக்கினான்.
பன்னிரண்டாவது வளைவில் மாராயி வாந்தி எடுத்தாள்.
அவள்தான் படத்தில் கலெக்டர் சம்சாரம்.

சிரிப்புப் படம்.
கோடீஸ்வரர் வீடு, வேலைக்காரனாய் வேஷம் கட்டி நுழையும் மாப்பிள்ளை.
கதை சொன்னதுமே தெரிந்துவிட்டது,
கடைசியில் எல்லோரும் சேர்ந்து நின்று போட்டோ எடுப்பார்கள்.

எனக்குச் சம்பந்தியின் அக்கா வேஷம். வசனம் கிடையாது.
"நீங்க சும்மா பாக்கணும், அவ்வளவுதான்."
எதைப் பார்க்கணும்?
"எதையும் பாக்காத மாதிரி பாக்கணும்."

பட்டுக்குள் தொளதொளத்த ஜாக்கெட்டை
முதுகுப்பக்கம் ஊக்குகள் இழுத்துப் பிடித்திருந்தன.
காலுக்கு ஒரு ஜோடி கொலுசு.
கையில் வாங்கியதுமே சொன்னேன், இது வெள்ளி இல்லை.
"நீங்களுந்தான் பணக்காரி இல்ல" என்றான் காஸ்ட்யூம் பையன்,
"கேமராகிட்ட யாரு போய்ச் சொல்லப்போறா?"

பங்களாக்காரம்மா பெயர் ஹெலன் பொற்செல்வி.
வாடகைக்கு விட்ட சொந்த வீட்டின் கதவோரம் நின்று
பீங்கான் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.
ஜீப்பைக்கூட பேங்க்காரன் கொண்டுபோயிட்டான் என்று
டிரைவர்கள் மிளகுக்கொடி நிழலில் பேசிக்கொண்டார்கள்.
அவருக்கும் ஓர் ஆசை, ஒரு ஓரமாய் வந்துபோக.
இயக்குநர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.
"தப்பா எடுத்துக்காதீங்க மேடம்,
முகத்துல அந்தப் பணக்காரக் களை இல்ல.
சமையக்காரம்மான்னா கச்சிதமா இருக்கும்."
சேலை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அவர் தட்டில் தண்ணீர் கொண்டுவர வேண்டும்.
"தண்ணிங்கம்மா" என்று சொல்ல வேண்டும்.
நான் முகம் பார்க்காமல் எடுக்க வேண்டும்.

முதல் டேக்கில் எழுந்து நின்றுவிட்டேன்.
அடுத்ததில் "வெச்சிட்டுப் போங்கம்மா" என்றேன்,
வசனமே இல்லாத நான்.
மூன்றாவதில் "தண்ணி" வரைக்கும் வந்தார்,
"ங்கம்மா" வரவில்லை.
நான்காவதிலும் வரவில்லை.
தட்டை நீட்டாமல் அங்கேயே நின்றார்,
நான் போய் வாங்கிக்கொள்வேன் என்று.
நானும் போய் வாங்கிக்கொண்டேன்.
யூனிட்டே சிரித்தது. சிரிப்புப் படம் எடுப்பவர் மட்டும்
தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

ஏழில் தம்ளர் விழுந்து உடைந்தது.
நான் குனிந்தேன்.
அவர் "யாராவது வாங்க" என்று உள்ளே பார்த்தார்.
உள்ளே யாருமில்லை.
கொஞ்ச நேரம் கழித்து அவரும் குனிந்தார்.
எட்டாவது ஓகே.

விருந்து பிரியாணியில் மண்ணெண்ணெய் தெளித்திருந்தார்கள்,
நாங்கள் தின்றுவிடக் கூடாதென்று.
கலெக்டர் சம்சாரம் ராத்திரி வரைக்கும்
ஒரே கோழிக்காலை வாயருகே தூக்கித் தூக்கி இறக்கினாள்.
பேக்கப் ஆனதும் பின்கட்டில் பொட்டலச் சோறு.
சமையக்காரி கணக்கில் அவருக்கும் ஒன்று வந்தது.
வசனம் இருந்ததால் சம்பளம் எனக்கு மேல், ஆயிரம்.
பொட்டலத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு
சாப்பாட்டு அறைக்குப் போனார். பீங்கான் சத்தம் கேட்டது.
எதையும் பார்க்காத மாதிரி பார்த்தேன்.
அது எட்டு டேக் எடுக்காமலே வந்துவிட்டது.

படம் சேலத்துக்கு வந்தது, எட்டே நாள் ஓடியது.
வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போனோம்.
என் முழங்கை தெரிந்தது, மாராயியின் கோழிக்கால் தெரிந்தது.
ஹெலனம்மா முகம் இல்லை, குரல் மட்டும்:
"தண்ணிங்கம்மா."
பின்வரிசையில் யாரோ கெக்கலித்தார்கள்.
நான் எழுந்து நடந்து போகிறேன், முதுகுதான்,
கூடவே கொலுசுச் சத்தம், பிறகு சேர்த்தது.
மாராயி காதோடு கேட்டாள்.
ஆமாம் என்றேன்.
அது வெள்ளி.