மஞ்சள்

சாட்ஸ்வொர்த். சம்பள வெள்ளி, இரவு.
அம்மாவின் மணிக்கட்டில் மஞ்சள் ஒட்டினார்கள்.
மஞ்சளுக்கு ஒரு மணி நேரம் என்று
சுவரில் இருக்கிறது.
இது ஐந்தாவது மணி.

கட்டில் காலியில்லை,
சலைன் மாட்டக் கம்பியும் இல்லை.
பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா;
அவள் பை என் கையில்.
தோள் மரத்தால் கை மாற்றுவேன்.

காலடியில், தரையில், கத்திக்குத்து வாங்கிய ஒருவன்.
ஆரஞ்சு.
பெயர் எழுதும் இடம் வெறுமை.
நர்ஸ் தண்டேக்கா அவன் பையோடு வந்து
சும்மா இருந்த என் கையைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது இரண்டு கையும் மேலே,
துப்பாக்கிமுனையில் நிற்பவன் மாதிரி.
மூக்கு வேறு அரிக்கிறது.

அம்மா கண் திறந்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
"டேய், அந்தப் பையனுக்குச் சொட்டு நின்னுபோச்சு.
இன்னும் தூக்கு."