பித்தளை மூட்டு

மின்ஹோ ஆற்றின் தென்கரையில் நான்
ரொட்டி சுடுகிறவன்.
ஆகஸ்டில் மட்டும்
மணிக்கு மூன்று யூரோவுக்குத்
தீயணைப்பவன்.
பூட்ஸ் என் சொந்தக் காசு.

அக்கரை உஷீயா
மாதச் சம்பளக்காரி.
இரவுப்படி, ஆபத்துப்படி,
இருமினால் பார்க்க மருத்துவர்.

நேற்று யூகலிப்டஸ் சரிவில்
பேச்சு பொருந்தியது எங்களுக்கு,
குழாய் பொருந்தவில்லை.
விட்டம் வேறு, மறை வேறு.
இடுப்புப் பையிலிருந்து
பித்தளை மூட்டு ஒன்றை எடுத்துத் திருகினாள்.
அவர்கள் தண்ணீர்
எங்கள் தீயில் விழுந்தது.

மூன்று மணிக்குப் பாலத்தின் நடுவே
ஒரு தக்காளியை ஆளுக்குப் பாதி தின்றோம்.
"எவ்வளவு தருகிறார்கள்?"
சொன்னேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
கையுறையைக் கழற்றி
விரல்விட்டு எண்ணினாள்:
பதினோரு மணி நேரம்,
முப்பத்து மூன்று.
மறுபடி எண்ணினாள்,
தான்தான் தப்பாக எண்ணிவிட்டதுபோல.

பிறகு குழாயிலிருந்து அதைக் கழற்றி
என் உள்ளங்கையில் வைத்தாள்.
"வைத்துக்கொள்.
எங்கள் கிடங்கில் இன்னும் நான்கு கிடக்கின்றன."

கரி அப்பிய கையில்
குளிர்ந்து கனத்தது பித்தளை.
நான் கிளம்ப வேண்டும்.
விடிவதற்குள்
அடுப்பு மூட்டியாக வேண்டும்.