ஒன்பது நாள் கூலி

மணப்பாட்டுக்குத் தெற்கே, பாருக்கு அந்தப் பக்கம்
வடம் அறுந்துபோனது தினமார்க்காரன் கப்பலுக்கு.
நங்கூரம் அடியில். பத்துப் பாகம் தண்ணீர்.
நங்கூரத்தைத் தொலைத்தவனிடம் அவன் ராசா
சம்பளத்தைப் பிடிப்பானாம், பட்டத்தையும் பிடுங்குவானாம்.
ஆள் தேடிக் கரைக்கு வந்தான்.
சங்கு குளிக்கிறவன் நான். நாளுக்கு இரண்டு பணம் என்று பேச்சு.
கிடைத்தாலும் இரண்டு, கிடைக்காவிட்டாலும் இரண்டு.
அந்த வார்த்தையைச் சொன்னவன் அவன்தான், நான் இல்லை.

முதல் நாள், மூன்றாம் முழுக்கிலேயே கண்டேன்.
ஒரு கை மணலில் புதைந்து, மறு கை மேலே நீட்டி
படுத்திருந்தது, கள் குடித்தவன் மாதிரி.
சிப்பி கோத்த என் அரைஞாணை அவிழ்த்து
அந்தக் கையில் கட்டினேன், அடையாளத்துக்கு.
மேலே வந்து மூச்சு விட்டுச் சொன்னேன்:
இல்லை.

முழுக்குக்கும் முழுக்குக்கும் நடுவே நெஞ்சு ஆறவேண்டுமே,
அந்த நேரத்தில் பேசுவான்.
அவனுக்குப் பறங்கிப் பாஷை பாதி, எனக்கும் பாதி.
இரண்டு பேரும் தப்பாய்ப் பேசியதால் நன்றாய்ப் புரிந்தது.

பேர் ஓலுப் ரீஸ். பன்னிரண்டு வயதில் கப்பற்படை.
அம்மா தைத்த நீலச் சட்டை முழங்கால்வரை தொங்குமாம்,
வளரப்போகிறவன்தானே என்று அளவைக் கூட்டிவிட்டாளாம்.
இருபதில் சின்ன லெப்தினான். முப்பத்திரண்டிலும் அதே லெப்தினான்.
மேலே இருக்கிறவன் செத்தால்தான் கீழே இருக்கிறவன் ஏற முடியும்,
அவனுக்கு மேலே இருந்தவர்களோ நல்ல தேகக்கட்டு.
சண்டை பார்த்தாயா என்றேன்.
ஒன்று பார்த்தேன் என்றான்.
மூர்களின் கோட்டையை ஒரு வாரம் சுட்டோம்,
குண்டு ஒன்றும் கரை சேரவில்லை.
பிறகு சீதபேதி வந்து, பாதிப் பேரைக் கடலில் போட்டோம்.
மற்றபடி பீரங்கி வெடித்ததெல்லாம் ராசா மகன் பிறந்தநாளுக்கு.

அவன் ஊரில் மாசி மாதம் கடல் கட்டியாகிவிடுமாம்.
குதிரை வண்டி அதன்மேல் போகுமாம்.
மச்சினன் சந்தியாகு கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தான்.
பொய் சொல்ல ஒருவன் இத்தனை தூரமா வருவான்?
கட்டிக்கு அடியில் மீன் என்ன செய்யும் என்று கேட்டேன்.
யோசித்தான்.
முப்பத்தைந்து வருஷத்தில் இதை யாரும் கேட்கவில்லை என்றான்.

நீச்சல் தெரியாது அவனுக்கு.
வள்ளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடிதான்
இத்தனையும் சொன்னான்.

உன் இடுப்பில் ஒரு கயிறு இருந்ததே என்றான் இரண்டாம் நாள்.
அறுந்துபோச்சு என்றேன்.
உன்னுடையதுமா என்றான்.

காயல் மரைக்காயருக்கு நான் தரவேண்டிய பாக்கி பதினாறு பணம்.
எட்டு நாள் கூலி அதற்குச் சரி.
ஒன்பதாம் நாள் கச்சான் எழும்பப் பார்த்தது,
போய் வடத்தைக் கட்டினேன்.
அரைஞாணை அவிழ்க்க விரல் போனது,
முடிச்சு ஊறி இறுகியிருந்தது.
மூச்சு அதுவரை காக்கவில்லை.

நாற்பது பேர் உருளையைத் தள்ளி ஏற்றினார்கள்.
சேறு வழிய வந்தது நங்கூரம், கூடவே என் கயிறு,
பாசி பிடித்து, சிப்பிகள் மட்டும் வெள்ளையாய்.
அவன் கத்தியை எடுத்தான்.
மெல்ல அறுத்து, தண்ணீரை உதறி,
நீலச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.
பிறகு பதினெட்டு பணம் எண்ணிக் கொடுத்தான்.
புத்தகத்தில் என்னமோ எழுதிக் கைநாட்டு வாங்கினான்,
எனக்கு வாசிக்கத் தெரியாது.
இப்போது யோசித்தால்,
ஒன்பது நாளில் ஒரு நாளாவது அவன் அவசரப்பட்டானா?

தவக்காலத்தில் சாமியாரிடம் சொன்னேன், எட்டு நாள் திருடினேன் என்று.
யாரிடமிருந்து என்றார்.
தினமார்க்கு ராசாவிடமிருந்து என்றேன்.
தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் இருமினாரா சிரித்தாரா தெரியவில்லை.
ஒரு செபமாலை சொல்லச் சொன்னார்.
இன்னும் முடித்தபாடில்லை.
மூன்றாம் பத்து மணி தாண்டுவதற்குள் நினைப்பு போய்விடுகிறது,
மேலே குளம்புச் சத்தம்,
கீழே, இருட்டில்,
மீன்.