மூன்றாம் நரம்பு

ஐந்து லிட்டர் எண்ணெய் டின்.
ஃபெலிஸ்டர் கடைக்குப் பின்னால் கிடந்தது.
வெந்நீரும் சாம்பலும் போட்டு நாலு தரம் கழுவினேன்,
வாடை போகவில்லை.
புழுக்கமான இரவுகளில் இன்றும் என் பாஞ்சோ
பொரித்த மாவு மணக்கிறது.

கழுத்துக்குப் பலகை, சுரங்க வாசலில்.
இயந்திரம் வந்திறங்கிய பெட்டியின் அடிக்கட்டை;
கவிழ்க்காதே என்று ஓர் அம்புக்குறி.
அம்பு மேலே பார்க்கும்படியே செதுக்கினேன்.
கிட்வேயில் என்னை வீட்டுக்கு அனுப்பிய கம்பெனி
கடைசியாகத் தந்தது அதைத்தான்.
தரவில்லை,
எடுத்துக்கொண்டேன்.

விளக்குமாற்றுக் கட்டையில் முறுக்காணி.
பல் உதிர்ந்த சீப்பை உடைத்துக் குதிரை.
சீப்புக் குதிரைதான்,
நாலு நரம்பையும் சுமந்து நொண்டாமல் நிற்கிறது.

நரம்புக்குத்தான் திண்டாட்டம்.
தூண்டில் நைலான் முனகியது.
வயரைப் பிரித்துச் செம்பு கட்டினேன்,
இழுத்தால் நீண்டது, நீண்டு நீண்டு
சொல்லாமல் அறுந்தது.
மண்ணுக்கடியில் பதினோரு வருடம் அதைத்தான் தோண்டினேன்.
பாட்டுக்கு ஆகாது என்று
அப்போது ஒருவரும் சொல்லவில்லை.

எஃகு வேண்டும்.
எஃகு
ராய்ட் கபெம்ப்வாவின் சைக்கிளில் இருந்தது.

வியாழக்கிழமை, மின்சாரம் போன நேரம்.
பின்சக்கரத்து பிரேக் கேபிளை மட்டும் உருவினேன்.
முன்பிரேக்கை விட்டுவைத்தேன், நான் கொலைகாரன் இல்லை.
முன்பிரேக் அவனுக்கு
என்றைக்குமே வேலை செய்ததில்லை என்பது
எனக்கு எப்படித் தெரியும்?

மெழுகுவத்தியில் பிரித்துப் பார்த்தால்
உறைக்குள் பத்தொன்பது இழை,
இருட்டில் பயந்த பிள்ளைகள் மாதிரி
ஒன்றையொன்று கட்டிக்கொண்டு.
ஒற்றையாய் ஒரு நரம்பு, இரண்டை முறுக்கி ஒன்று,
மூன்றை, நாலை.
விடிவதற்குள் நாலும் பேசின.

விடிந்ததும் ராய்ட்
அறுபது ரொட்டியோடு சரிவில் இறங்கினான்.
கத்திக்கொண்டே இறங்கினான் என்றார்கள்,
குழாயடி வரிசை இரண்டாய்ப் பிளந்து வழிவிட்டது என்றார்கள்.
மிசோஸியின் கரிமூட்டைகள்தான் பிடித்து நிறுத்தின.
அந்த வாரம் முழுக்க எங்கள் தெரு
கறுப்பு ரொட்டி தின்றது.

சாயங்காலம் வந்தான், கையில் ஸ்பானர்.
மடியில் இருந்ததை ஒளிக்க நேரமில்லை.
"முசோண்டா, அதில் என் கம்பி இருக்கிறதா?"
நாலுமே அவனுடையதுதான்.
பயத்தில்
மூன்றாவதை மட்டும் காட்டினேன்.

சிராய்த்து வீங்கிய விரலால் தட்டினான்.
கேட்டான்.
மறுபடி தட்டினான்.
"தணிந்திருக்கிறது" என்றான்.
ஸ்பானரைத் தரையில் வைத்துவிட்டு
முறுக்காணியைத் திருகினான், இன்னும், இன்னும் கொஞ்சம்,
அறுந்துவிடும் என்று நான் சொல்ல வாயெடுத்த இடத்தில்
நிறுத்தினான்.
தூரத்தில் கசடுமலையில் சிவப்பாய் ஏதோ கொட்டினார்கள்.
இருவரும் அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் மதுக்கடை வாசலிலிருந்து
ஒரு பை நிறைய பாட்டில் மூடி கொண்டுவந்தான்.
"சுத்தமான சத்தம் ஒரு சத்தமா?
குழம்பில்லாத ந்ஷிமா."
டின்னில் வரிசையாய் ஆணி அடித்து மாட்டினான்.
இப்போது எதை வாசித்தாலும்
ஓரத்தில் ஒரு கூட்டம் பல்லைக் கடித்துச் சிரிக்கிறது.

தினமும் வருகிறான். கால் நீட்டி உட்கார்ந்து
என் நரம்பு எப்படி இருக்கிறது என்பான்.
நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே குனிந்து
தன்னுடையதை ஒரு தட்டு தட்டுவான்,
தாளம் தப்பி.
கல்யாண வீட்டில் கொடுத்த பணத்தில்
கால்பங்கு கேட்டான். கொடுத்தேன்.
மிச்ச மூன்று பங்கோடு வீட்டுக்கு நடந்தபோது
சட்டைப்பை கனத்தது.

போன மாதம் புது கேபிள் வாங்கி நீட்டினேன்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்,
சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.
"நரம்பு அறுந்தால் மாற்ற வேண்டாமா?"

காலையில் இன்னமும் அந்தச் சரிவில்
செருப்பைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துகிறான்.
வலது செருப்பு பாதி காணோம்.
நான் இப்போது
பழைய லாரி டயர் தேடிக்கொண்டிருக்கிறேன்,
யாருடையதாக இருந்தாலும்.